எதிர்வீட்டில் எவ்வளவு தண்ணீர் வந்தது

எழுபதுகளின் நடுவில், திருச்சிக்கு மேற்கே கோரையாற்றுக்கும் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கும் இடையில் இருந்த வயல்களை மனையாக்கி விற்றார்கள். அதில் ஒன்றை வாங்கி நான் வீடு கட்டினேன். பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் நான். நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இருந்த பாலக்கரை வீடு அண்ணன் குடும்பத்துக்கே போதவில்லை. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

மனை விற்றவர், "நல்ல மேட்டு நிலம்ங்க டீச்சர்" என்றார். நான் போய்ப் பார்த்தது கோடையில். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலில் நின்றுகொண்டு வெள்ளத்தைப் பற்றிக் கேட்க யாருக்குத் தோன்றும்? கடன் கொடுத்த சொசைட்டியில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். இனி இந்த வீட்டுக்கு எது வந்தாலும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கையிருப்பு தீர்ந்துவிட்டதால் மாடிப்படி மட்டும் கட்டவில்லை.

தெருவில் அப்போது இரண்டே வீடுகள். எதிர்வீட்டுக்காரருக்குத் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் வேலை. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அந்த அம்மாள் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஆனாலும் போக வர ரொம்ப இருந்ததில்லை. வாசலில் பார்த்தால் சிரிப்போம். சாயங்காலம் விளக்குப் போட்டதும் அவர்கள் வீட்டுச் சத்தம் என் ஜன்னலுக்குள் வரும். அதைக் கேட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்துவேன்.

வெள்ளம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்திலிருந்து கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. நான் துணியைச் சுருட்டி அடைத்தேன். அடைத்துவிட்டுத் திரும்பினால் கூடத்தில் பாய் மிதக்கிறது. கதவைத் திறக்க முடியவில்லை, வெளித் தண்ணீர் அழுத்தியதில் தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். யாரைக் கூப்பிட்டுக் கத்துவது என்று தெரியாததால் வெறுமே கத்தினேன்.

எதிர்வீட்டுக்காரர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். கயிற்றின் மறுமுனையை அவர் மனைவி தூணில் சுற்றிப் பிடித்திருந்தாள். கதவைத் தோளால் மோதித் திறந்தார்.

"கையை விட்றாதீங்க டீச்சர். கீழ பாக்காதீங்க, அவளைப் பாத்துக்கிட்டே வாங்க."

மார்பளவு தண்ணீர். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர்கள் வீட்டில் மாடிப்படி இருந்தது.

தண்ணீர் வடியும்வரை மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே ஐந்து பேரும் இருந்தோம். ஸ்டவ்வும் ஒரு டின் பொரியும் மட்டும் தப்பியிருந்தன. சுற்றிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் வைக்கோல் போர் ஒன்று சுழன்றுகொண்டே போயிற்று. சின்னவள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போனது, நகர்த்தவில்லை. சொன்னால் விநோதமாக இருக்கும், என் வாழ்க்கையில் தனியாக இல்லை என்று உணர்ந்த நாட்கள் அவைதான்.

சேறு வாரிக்கொண்டிருந்தபோது இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து, சுவரில் என் தோளுக்குச் சற்றுக் கீழே ஓடிய பழுப்புக் கோட்டைப் பார்த்தார்.

"மேடம், இது ஃபயர் பாலிசி. தீப்பிடிச்சா கிடைக்கும். வெள்ளத்துக்குத் தனியா கேட்டுச் சேர்க்கணும். நீங்க சேர்க்கலைங்களே."

"எனக்கு யாரும் சொல்லலைங்க."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வருஷமாவது சேர்த்துக்குங்க. ஒரு தடவை வந்த தண்ணிக்கு வழி தெரியும்" என்றார்.

அந்த வருஷத்துப் பாலிசி முடிந்ததும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, "முன்னாடி வெள்ளம் வந்திருக்கா?" என்று கேட்டார். வந்தது, மார்பளவு என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிறையப் பேர் இல்லைம்பாங்க. சொன்னா பிரீமியம் ஏறும்னு பயம். ஆனா மறைச்சது தெரிஞ்சா நாளைக்கு ஒண்ணும் கிடைக்காது. உள்ளதைச் சொன்னாத்தான் இதுக்கே அர்த்தம்."

வெள்ளத்தையும் சேர்த்துக்கொண்டேன். மாடிப்படியும் மேலே ஓர் அறையும் கட்டினேன். குளியலறைத் துவாரத்துக்கு மூடி போட்டேன். மழைக்காலங்களில் காவிரியில் முக்கொம்பு அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று பேப்பரில் தேடிப் படிக்கப் பழகினேன். அப்புறம்தான் புரிந்தது, எங்களுக்கு வந்தது காவிரித் தண்ணீரே இல்லை. மேற்கே பெய்த மழை கோரையாற்றில் இறங்கி, எங்கள் பள்ளத்தில் வந்து நின்றது. பேப்பரில் அதற்கு எண் கிடையாது. வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட முடிவு செய்தார்கள். போகிற அன்று அந்த அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை வித்தாத்தான் அங்க ஒரு இடம் பாக்க முடியும் அக்கா. பாக்க வர்றவங்க உங்களைத்தான் கேப்பாங்க. லேசா வந்துச்சுன்னு சொல்லிடுங்க, போதும்."

நான் தலையாட்டினேனா என்று இன்றும் நினைவில்லை. அவர்கள் தங்கள் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். கோடு தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மனைவி இடுப்பில் கைக்குழந்தை. சாவி வாங்கிப் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என் கூடத்தில் ஒரு குழந்தை தவழ்ந்தது. அந்தப் பெண் சொன்னாள்:

"அங்க ரெண்டு பக்கமும் ஆறு. ஐப்பசி வந்தா வயித்துல நெருப்பைக் கட்டிண்டு இருக்கோம். இங்கேயாவது நிம்மதியா இருக்கலாம்னு பாக்கறோம். இங்க தண்ணி வருமா மாமி?"

அவர்கள் வந்துவிட்டால் எதிரில் மறுபடி விளக்கு எரியும். என்னைக் காப்பாற்றியவருக்கும் காரியம் ஆகும். இரண்டும் ஒரே பதிலில் இருந்தன. குழந்தை என் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது.

"வந்துச்சும்மா. இந்தச் சுவத்துல பாருங்க, அந்தக் கோடு வரைக்கும். மழை பலமா பேஞ்சா மறுபடியும் வரும்" என்றேன்.

கணவர் எழுந்து போய்க் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

விஷயம் திருவெறும்பூருக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சைக்கிளில் வந்து, வாசலிலேயே நின்று சாவியைக் கேட்டார்.

"உள்ள வாங்க."

"வேணாங்க. அன்னிக்குத் தண்ணியில இறங்கி உங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு இதான் பதிலா டீச்சர்?"

சாவியைக் கொடுத்தேன். என்னிடம் சொல்வதற்கு நியாயம் இருந்தது. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

கடைசியில் வீட்டை வாங்கியவர் பாலக்கரை வியாபாரி ஒருவர். வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான் விற்பவர். என் சுவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தண்ணி வந்தா வந்துட்டுப் போகட்டும்ங்க, கழுவி வச்சுக்குவேன்" என்றார். அதைக் குடோனாக்கிவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை வண்டி வரும், பூட்டைத் திறந்து ஏற்றுவார்கள், பூட்டிவிட்டுப் போவார்கள். தெருவில் வேறு யாரும் வீடு கட்டவில்லை. மாலையில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோ போட்டுக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழையில் தண்ணீர் மறுபடி வந்தது, முழங்கால் அளவுக்கு. சாமான்களை மாடியறைக்கு ஏற்றிவிட்டு, படியில் உட்கார்ந்து அது வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை இன்ஷூரன்ஸ் கொடுத்தது. கதவும் பூச்சும் புதிதாயின.

அதற்கடுத்த தையில் எதிர்வீட்டு அம்மாள் பத்திரிகையோடு வந்தாள். தலை நரைத்திருந்தது. மூத்தவளுக்குக் கல்யாணம். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் நினைக்கலக்கா. ஆனா எங்ககிட்ட முதல்லயே, என்னால பொய் சொல்ல முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

யோசித்தாள். "சாவியை வேற யாருகிட்டயாவது குடுத்திருப்போம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். அவர் என்னைத் தூரத்திலிருந்து பார்த்தார். கிட்டே வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது மட்டும் பரிமாறுகிறவரிடம் ஏதோ சொல்ல, என் இலைக்கு இரண்டாம் முறை பாயசம் வந்தது. சின்னவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.