ரஹீமா டீச்சரின் பிஸ்கட் டின்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் போன் அதிர்ந்தது. தெரியாத இலக்கம், எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் அடிக்க, வெளியே போய் எடுத்தேன். ரஹீமா டீச்சரின் மகன். உம்மா விடிய மௌத்தாகிவிட்டா, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். வேறு ஏதோ விசாரணை என்று பயந்திருந்த நான் முதலில் ஆறுதலாக மூச்சு விட்டேன். பிறகுதான் செய்தி உறைத்தது. அந்த மூச்சை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பாடசாலையில் இருந்தவர்களுக்கு அவவின் வியாழக்கிழமைக் கடைசிப் பாடம் மறக்காது. பத்தாம் வகுப்புக்கு ஒரு சிறுகதை வாசிப்பா. பிள்ளைகள் தங்கள் கேள்வியைப் பெயர் போடாமல் துண்டில் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். சீதனம், சாதி, குடிக்கிற தகப்பன், எதையும் கேட்கலாம். அடுத்த வாரம் முழு வகுப்பும் அதைக் கதைக்கும். இடையில் டீச்சர் செய்யும் ஒரு வேலை எனக்கு விசராகத் தெரிந்தது. ஒவ்வொரு கேள்வியையும் தன் கையால் வேறு துண்டில் பார்த்து எழுதி டின்னில் போட்டுவிட்டு, பிள்ளைகளின் துண்டுகளைக் கிழித்துப் போடுவா. உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நக்கலடிப்பேன். சிரித்துக்கொண்டே எழுதுவா.

ஒருமுறை, வீடு திரும்பாத மகனுக்குச் சோறு எடுத்து வைக்கும் தாயின் கதை. "எங்கட மாமாவைக் கொண்டுபோனது ஆரெண்டு ஆரிட்டக் கேக்கலாம்?" என்று ஒரு துண்டு வந்திருந்தது. அதைக் கதைத்த அன்று மணி அடித்தும் வகுப்பு எழும்பவில்லை. அந்தக் கேள்வி எப்படியோ வெளியே போய்விட்டது.

நாலாம் நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். எந்தக் கந்தோரிலிருந்து வந்தார்கள் என்று சொல்லவில்லை. டின்னைக் கவிழ்த்து, அந்தத் துண்டை என் முன்னால் வைத்தார்கள். நீதானே வகுப்பாசிரியர், பிள்ளைகளின் எழுத்து தெரியும்தானே, இதை எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாருடைய மாமா என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வரிசைப் பிள்ளை. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் நியாயம் தேடினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், இன்னொரு தரம் கேட்டிருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன்.

எதிர் மேசையிலிருந்து டீச்சர் எழும்பி வந்தா. தன் கொப்பியை விரித்துத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தா.

"எல்லாம் என்ட கையெழுத்து. கேள்வியும் என்டதான்."

அவவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருட்ட முன் விட்டுவிட்டார்கள். அடுத்த நாள் வழக்கம்போல வந்து, டின்னைத் துடைத்து வைத்தா. உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"பயமில்லாட்டி நான் ஏன், சேர், குந்தியிருந்து பார்த்து எழுதுறன்?"

சுகமில்லாமல் அவ வேலையை விட்டு நின்ற பிறகு அந்தப் பாடத்தை எனக்குத் தந்தார்கள். ஒரு தவணை முழுக்க இலக்கணம் படிப்பித்தே சமாளித்தேன். டின் அலுமாரிக்குள் கிடந்தது.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை, அதை வெளியே எடுத்தேன். ஒரு கதை வாசித்தேன். பதினேழு துண்டுகள் விழுந்தன. அதில் ஒன்று, வெளியே போனால் அந்த இரண்டு பேரும் திரும்பி வரக்கூடிய கேள்வி. எந்தப் பிள்ளை என்று எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, பேனையை எடுத்தேன். முதல் துண்டைப் பார்த்து எழுதத் தொடங்கினேன்.

டீச்சர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த டின் மட்டும்தான். அதற்குள் இப்போது கிடக்கும் பதினேழும் என்னுடைய கையெழுத்து.