தேவானையின் பல்சக்கரம்

குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் தேவானை பேசுவாள். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசைகளில் பிளவுஸ் தைப்பவள். ஒருத்தி கொடுத்த அளவு பிளவுசை வைத்து இன்னொருத்திக்கு வெட்டவே மாட்டாள். "அவ ஒடம்பு அவளுது. கேக்காம நான் எப்டி எடுக்கறது?" என்பாள்.

மாநகர வரைபடத்தில் அவர்கள் வாழும் இடம் வெறும் வெள்ளை. ஆளில்லாத நிலம் என்று சொல்லித்தான் காலிசெய்ய உத்தரவு வந்தது. அதனால் கரைக்காரர்களே தங்கள் படத்தை வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வீட்டையும் சந்துகளையும் அளந்து சொல்ல, தேவானை பழுப்புத் தாளில் பதித்தாள். நாளை கோர்ட்டில் கொடுக்க வேண்டும். ஆற்றோர வீட்டு வரிசை மட்டும் மழைச் சேற்றில் அளக்க முடியாமல் நின்றது.

அதற்காக, உதவிக்கு வந்த மயிலாப்பூர் டிராஃப்ட்ஸ்மேன் ஜெயராம், ஒரு தனியார் கம்பெனி விமானத்திலிருந்து எடுத்த பெரிய புகைப்படத்தை இரவல் வாங்கி வந்தார். தேவானை வழக்கம்போல அதைத் தாளின்மேல் வைத்து, தையல் கோடு பதிக்கும் பல்சக்கரத்தை ஓட்டிவிட்டாள். பிறகுதான் ஜெயராம் படத்தின் பின்புறத்தைப் படித்தார்: அனுமதியின்றி நகலெடுக்கவோ, பார்த்து வரையவோ கூடாது.

"எங்க கூரைய மேலேந்து படம் புட்ச்சிக்கினு போனானே, அவன் எங்களக் கேட்டானா?" என்று கத்தினாள்.

சட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. மேலே பறந்தவனுக்குப் படம் சொந்தம். கீழே வாழ்பவளுக்குத் தரைகூடச் சொந்தமில்லை.

"யாருக்குத் தெரியப்போறது, விடுங்கோ" என்றார் ஜெயராம்.

தேவானை புகைப்படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சக்கரம் ஓடிய வழியெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. தாளிலும் அதே ஓட்டை. "படத்தத் திருப்பிக் குட்த்தா அவனுக்குத் தெரியாதா சார்? திருட்டுப் படம்னு கோர்ட்ல மொத்தத்தையும் தூக்கிப் போட்ருவான். அளந்து குட்த்தவங்க ஊடும் சேந்து பூடும்."

கத்தரியை எடுத்து, பழுப்புத் தாளிலிருந்து ஆற்றோரத்தை அப்படியே வெட்டி எறிந்தாள்.

"யக்கா, உன் ஊட்டையே வெட்டிக்கினியே!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு அன்புச்செல்வி.

"உன்னுதும் அதுலதான்டி கீது. பல்ல இளிக்காத, வா."

வெட்டிய இடத்தில் புதுத் தாளைக் குண்டூசியால் குத்தினாள். புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, ஒரு நுனியை அன்புச்செல்வியிடம் நீட்டினாள். மறுநுனியைத் தன் வாசற்படியில் வைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.