பசுமை மாறாத கறுப்பு

கண்ணாடிக் கடைக்காரர் ஊரில் பாதிப் பேருடைய பார்வையைச் சரிசெய்தவர். தம் குடியிருப்புவாசிகளின் பார்வை மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. விவகாரம், கேட்டை ஒட்டிய ஒரு மண் பாத்தியைப் பற்றியது.

அதில் வருடாவருடம் பூச்செடி வைப்பார்கள். பூக்கும், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், வாடும், பிறகு குப்பை சேரும். இந்த அநியாயத்துக்கு முடிவுகட்டக் கிளம்பிய கண்ணாடிக்காரர், குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "வருடம் முழுவதும் வண்ணம் தரும் பசுமை மாறாச் செடிகள்!" என்று முழங்கினார். இலை உதிராமல் எல்லாப் பருவத்திலும் நிற்கும் செடி என்ற பொருளில்தான் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்தச் சொல்லே பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

ஏனென்றால், அவர் தேடிப்பிடித்து வாங்கி நட்டவை எல்லாம் கறுத்த இலைச் செடிகள். ஒன்று நாவல்பழத் தோல் நிறம். இன்னொன்று புல்லைப்போல மெலிந்து, மையில் தோய்த்து எடுத்தது மாதிரி. காலை வெயில் சாய்வாக விழும்போது இலைக்குள்ளிருந்து கருஞ்சிவப்பு கனன்று வரும். கடைக்குப் போகுமுன் தினமும் குந்தி உட்கார்ந்து அதைப் பார்ப்பார். பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"என்னண்ணே, செடிக்கு யாராவது தீ வச்சிட்டாங்களா?" என்றார் பால்காரர்.

"அதோட நிறமே அதுதான்பா."

"அப்படியா? பாவம்."

வீட்டிலும் இதே கதை. "காசு குடுத்து செத்த செடிய வாங்கிட்டு வந்த ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள் மனைவி.

"சாகலடி. அது டிசைன்."

"நேத்து நான் அடிபிடிக்க விட்ட பாத்திரமும் அதே டிசைன்தானே? அதுக்கு மட்டும் எதுக்கு அந்தக் கத்து கத்துனீங்க?"

அடுத்த கூட்டத்தில் செயலாளர் தொண்டையைச் செருமினார். பாத்தி இருக்கும் இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் லட்சியம்.

"சார், பசுமை மாறாதுன்னீங்க. பசுமையே இல்லையே, அப்புறம் எது மாறும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த கூட்டத்துக்குள் செடிகள் தேறாவிட்டால் சிமென்ட் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கண்ணாடிக்காரர் பசுமைக்கு விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள், பேச்சு தண்ணீர்த் தொட்டிக்குத் தாவிவிட்டது.

இந்த நேரம் பார்த்து வெளியூரில் மகளுக்குப் பிரசவம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மேல்வீட்டு நர்ஸ் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, தம்பதி புறப்பட்டார்கள். அங்கேதான் சறுக்கினார். அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில். கருகியதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது.

பேரனைக் கொஞ்சிவிட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பிய கண்ணாடிக்காரர் கேட்டருகே அப்படியே நின்றுவிட்டார். பாத்தியைச் சுற்றிக் கம்புகள். மேலே இறுக்கிக் கட்டிய கறுப்பு நிழல்வலை. இப்போது அந்தப் பாத்தியில் கறுப்பாக இருந்தது வலை மட்டும்தான். அடியில் இலைகள் பச்சைப்பசேல் என்று, அசல் கீரையாக நின்றன.

"பொழச்சிடுச்சு தம்பி!" மாடியிலிருந்து ஓடிவந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "வெயில்ல வெந்து கெடந்துச்சு. வெந்த இலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு நிழல் குடுத்தேன். எப்படித் தளிர்விட்டிருக்கு பாருங்க!"

அந்த இலைகளுக்குக் கறுப்பை ஊட்டுவதே வெயில்தான். நிழலில் போட்டால் புதுத் தளிர் பச்சையாகத்தான் வரும்.

"அக்கா, அது வந்து..."

"நன்றியெல்லாம் எதுக்கு தம்பி, விடுங்க."

கூட்டத்தில் செயலாளர் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். பாத்தி நீடிக்கலாம், ஆனால் நிழல்வலையை யாரும் அவிழ்க்கக் கூடாது. அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"

உண்மையைச் சொன்னால் வலை போகும். வலை போனால் கறுப்பு வரும். கறுப்பு வந்தால் சிமென்ட் வரும்.

"ஒண்ணுமில்ல" என்றார் கண்ணாடிக்காரர்.

மறுநாள் காலை பாத்தியருகே குந்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வலையின் ஒரு மூலையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினார். ஒரே ஓர் இலைமேல் வெயில் விழுந்தது.

"தம்பி!" என்று மாடியிலிருந்து பதறியது குரல். "வெயில் படுது பாருங்க!"

"ஆமாக்கா, காத்துல தூக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு, மூலையை இழுத்து அவரே முடிச்சுப் போட்டார்.