பேதிக்கான சொட்டு மருந்தைத் தேடி அரியலூரும் பெரம்பலூரும்

ஒரு சொட்டு மருந்தைத் தேடிப் போனதையெல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். 2007 ஐப்பசி, மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை. பத்து வாரக் கைக்குழந்தையோடு நானும் வீட்டுக்காரரும் விக்கிரமங்கலத்திலிருந்து கிளம்பினோம். மூத்தவன் கதிர் ஏழு மாதத்தில் பேதியாகி, கண் செருகி, நான்கு நாள் குளுக்கோஸில் கிடந்து பிழைத்தவன். இவளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். ரோட்டா என்ற கிருமியால் வரும் பேதிக்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது, வாயில் ஊற்றுவார்கள் என்று சென்னையிலிருந்து அண்ணி போனில் சொல்லியிருந்தார்.

காலை 7.20 பஸ். அரியலூருக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு ஏழு ரூபாய். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகும். குழந்தையோடு போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காராதீர்கள், ஒரே புழுதி. பக்கத்து சீட்டு அக்கா விசாரித்துவிட்டுச் சிரித்தார். "சொட்டு மருந்துக்கா பஸ் ஏறிப் போறீங்க? புதன்கெழம நர்சம்மா ஊருக்கே வருதே!"

"அது போலியோவுக்குங்கக்கா. இது பேதிக்கு."

"எல்லாம் சொட்டுதானம்மா!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அரியலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் சொட்டு மருந்து என்று மட்டும் கேட்டோம். வாயில் இரண்டு சொட்டு, தொடையில் ஒரு ஊசி. வந்த வேலை முடிந்தது என்று நிம்மதியாக டீ குடித்தோம். கிளினிக்கில் கொடுத்த தடுப்பூசி அட்டையை வீட்டுக்காரர் பிரித்தார். "ஏ புள்ள, போலியோ, முத்தடுப்புன்னுல்ல எழுதியிருக்கு?"

"வாயிலதானங்க ஊத்துனாங்க?"

"போலியோவும் வாயிலதான ஊத்துவாங்க!"

அசடு வழியத் திரும்பிப் போனோம். "ரோட்டாவா? வெளிநாட்டுல வந்து, வாபஸ் வாங்கிட்டாங்கன்னு கேள்வி" என்றார் நர்ஸ். மருந்துக் கடைக்காரரோ, "புதுசா வேற வந்திருக்காம், பெரம்பலூர்ல கேளுங்க" என்றார். வந்ததா, போனதா, மறுபடி வந்ததா? தலை சுற்றியது.

பெரம்பலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். 11.10 பஸ், பத்து ரூபாய். அங்கே குழந்தை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதாம்மா. பழசை நிறுத்திட்டாங்க. புதுசு வெளிநாட்டுல குடுக்கறாங்க, நம்ம பக்கம் இன்னும் வரல."

"வந்தப்பறம் குடுத்துக்கலாங்களா?"

"முதல் தவணைய மூணரை மாசத்துக்குள்ள குடுத்துடணும். உங்க பாப்பாவுக்குக் கிடைக்கறது சந்தேகந்தாம்மா."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா பேச்சை மாற்றினார். "பெரியவனுக்குப் பேதியானப்ப என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு ரெண்டு நாளா நிறுத்திட்டோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "போகப் போகக் குடுத்துக்கிட்டே இருக்கணும்மா. உடம்புல தண்ணி வத்தித்தான் அவனுக்குக் கண்ணு செருகியிருக்கு."

இந்த மருந்துக்காக இப்போதைக்கு யாரும் பஸ் ஏறாதீர்கள். ஏறினால், கிளினிக்கை விட்டுக் கிளம்புமுன் அட்டையைப் படியுங்கள். உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். குழந்தைக்குப் பேதியானால் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் உடனே போங்கள்.

திரும்பும் பஸ்ஸில் டாக்டரம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த இரண்டு நாளும் கதிர் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துப் பார்த்துக் கை நீட்டினான். அவன் கண்ணில் படாமல் அதை எடுத்து ஒளித்து வைத்தவள் நான்தான்.