எல்லப்பன் வீசிய நரம்பு

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டு வாசலில் கிடந்த தகரம் என் காலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் கறுப்பு நைலான் இழையால் தையல் போட்டார். ஆயுள் முழுக்கக் கம்பவுண்டராக இருந்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? "முடிச்சை இவ்வளவு இறுக்க வேணாம்" என்றேன். அவர் சிரித்தபடி இன்னும் இறுக்கினார். மரத்துப்போன காலில் வலி இல்லை. இழை தோலுக்குள் ஓடும் இழுவை மட்டும் தெரிந்தது. அந்த இழுவை என்னைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே மருந்தகத்தில் வேலை பார்த்தேன். நான் பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரன். மீன் என்றால் குழம்பில் கிடப்பது, அவ்வளவுதான். சாயங்காலமானால் போக்கிடம் கிடையாது. ஏரிக்குள் நீண்டிருந்த மரத்துறைக்குப் போய் உட்காருவேன். எல்லோரும் அதை ஜெட்டி என்பார்கள். தாரும் ஈர மரமும் அழுகிய இறால் தலையும் கலந்த வாடை. பிற்பாடு என் சட்டையில் டிங்சரையும் மீறி அந்த வாடைதான் அடித்தது. மருந்துக்கு வந்தவர்கள் அதற்காகவே என்னைக் கொஞ்சம் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஜெட்டியின் கோடியில் எல்லப்பன் உட்கார்ந்திருப்பான். பக்கத்துக் குப்பத்துக்காரன், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். குப்பத்து ஆண்கள் எல்லாம் படகில் போக, அவன் மட்டும் கட்டையில் சுற்றிய தூண்டில் நரம்போடு கரையில் இருந்தான். போகிற வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டு பேரு சார். தம்பி முகத்துவாரத்துல போய்ட்டான். இப்ப நான் போட்டுல கால வெச்சா அது சோறு துன்னாது."

சொல்லிவிட்டு இன்னொரு கட்டையை என் கையில் கொடுத்தான். "சும்மா குந்திக்கினு இன்னா பண்ற, வீசிப் பாரு."

என் முதல் மீன் என் சட்டைக் காலர்தான். கொக்கியை அவன் பொறுமையாகக் கழற்றினான். "தோள வெச்சி வீசாத சார். மணிக்கட்ட வுடு, ஈயம் தானா போவும்." மீன் கடிப்பதையும் சொல்லிக் கொடுத்தான். "மொதல்ல வெரல்ல தட்டும், அவசரப்படாத. அப்பால இஸ்துக்கினு போவும் பாரு, அப்ப புடி." எனக்கு ஒன்றும் மாட்டாத நாட்களில் தான் பிடித்த மடவை மீனில் பாதியை என் பையில் போட்டுவிடுவான். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் குப்பத்தில் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் இப்படித்தான் பங்கு போகும். அவன் அம்மா கன்னியம்மா, "அல்லாத்தையும் குட்த்துட்டு வெறுங்கையோட வரும்" என்று என்னிடம் முறையிடுவாள். முகத்தில் பெருமைதான் இருக்கும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். அக்கரையில் சாவு வீட்டுக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு திரும்பி வந்தது. திடீரென்று காற்று திரும்பி அடித்தது. ஜெட்டியை நெருங்கும்போது படகு கவிழ்ந்தது. மழைத்தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்த நேரம். கரையில் நின்றவர்கள் குதித்து, கைக்கு எட்டியவர்களைக் கரைக்கு இழுத்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது.

எல்லப்பன் நரம்பை வீசினான். கொக்கி ஒரு பெண்ணின் புடவையில் மாட்டியது, இருவருமாக இழுத்தோம். மறுபடி நரம்பைக் கையில் எடுத்தபோது தண்ணீரில் இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன. கிட்டத்தில் ஒரு சிறுமி. அவளுக்கு வெகு தூரம் தள்ளி, படகுப் பலகை ஒன்றைப் பிடித்தபடி கன்னியம்மா.

"யம்மா, பலகைய புட்ச்சிக்கினு இரு" என்று கத்திக்கொண்டே சிறுமியை நோக்கி வீசினான். கொக்கி அவள் தோளில் இறங்கியது. தண்ணீர் அவளை ஒரு பக்கம் இழுக்க, நரம்பு அவன் உள்ளங்கைக்குள் எலும்புவரை போனது. அவன் விடவில்லை. சிறுமியைத் தூக்கி மரத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஏரியில் வேறு தலை இல்லை.

மருந்தகத்தில் அந்தக் கைக்கு நான்தான் கட்டுப் போட்டேன். துணியைச் சுற்றும்போது கேட்டான்.

"நரம்பு அம்மாந்தூரம் போவாதுல்ல, சார்?"

"போகாது எல்லப்பா."

கட்டு முடிந்த பிறகும் ஒருமுறை கேட்டான். நானும் அதையே சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் தேடப் போகிற படகில் ஏறினான். யாரும் தடுக்கவில்லை. தடுக்க இருந்தவளைத்தான் தேடிப் போனான். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் தனியாகப் போய்க்கொண்டே இருந்தான். கன்னியம்மா கிடைக்கவே இல்லை.

அவன் விரல்கள் மடங்கவில்லை. தூண்டிலை விட்டான். பிறகு ஊரையும் விட்டான். சில வருடம் கழித்து மீஞ்சூர் ஸ்டேஷனில் காக்கிச் சட்டையோடு பார்த்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ இரும்புப் பட்டறையில் வாட்ச்மேன் என்றான். மீன் பிடிக்கிறாயா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"துன்றதே இல்ல சார்" என்றான். அவன் ரயில் வந்துவிட்டது.

கால் ஆறியதும் மருமகனோடு பழவேற்காடு போய் வந்தேன். மரத்துறை இருந்த இடத்தில் ஒரு கட்டைகூட இல்லை. சிறுமியின் வீட்டார் எப்போதோ ஊர் மாறிப் போய்விட்டார்களாம். குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் எல்லப்பனைப் பற்றி விசாரித்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எந்த எல்லப்பன் என்று கேட்டார்கள்.