தொமோக்கி இறந்த பிற்பகல்

“ஒரு நிமிசம் இருங்க. இவன் விழுறானா எந்திரிக்கிறானான்னு மட்டும் பாத்துட்டு எடுத்துர்றேன்.”

மலையகத்து ஸ்பிரிங்வெளிச் சந்தியில் யேசுரத்தினத்தின் ஓட்டோவில் ஏறி உட்காருகிற எவருக்கும் முதலில் கிடைப்பது இந்தப் பேச்சுத்தான். பதுளைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருக்கும். ஒரு மூலை வெடித்த கைபேசி ஹேண்டிலின் மேல் சாய்ந்திருக்கும். உள்ளே யாரோ ஒரு சிறுவன் மலையிலிருந்து விழுந்துகொண்டிருப்பான். அவன் எழுந்துவிட்டால் யேசுரத்தினம் “ம்” என்பார், வண்டி புறப்படும். எழாவிட்டாலும் புறப்படும், ஆனால் வளைவுகளில் ஹோர்ன் சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர் அவர். காதோர மயிரெல்லாம் நரைத்துவிட்டது. படிப்பதோ ஜப்பானியப் படக்கதைகள். தமிழ்நாட்டில் யாரோ சில இளைஞர்கள் அவற்றைத் தமிழாக்கி வாரந்தோறும் டெலிகிராமில் ஏற்றுகிறார்கள். சந்தியில் அதற்கு ‘யேசுவோட பொம்மைப் புத்தகம்’ என்று பெயர். “பொம்மை இல்லங்க, மங்கா” என்று அவர் திருத்துவார். தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாகத் துணி விற்கப் போகும் ரஹ்மத்தும்மா முதல்முறை அதைக் கேட்டபோது, “இந்த மாசத்துல எங்கே மாங்கா?” என்றாராம்.

மங்காவை அவருக்குப் பழக்கியவன் மகன் அஜந்தன். கட்டாருக்கு விமானம் ஏறுவதற்கு முன் அப்பாவின் கைபேசியில் இரண்டு கதைகளை இறக்கி, “பொழுது போகாட்டிப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். முதல் வருடத்தில் தகப்பனும் மகனும் தொலைபேசியில் பேசியது மழையையும் சாப்பாட்டையும் பற்றி மட்டும்தான். அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு ஒருநாள் யேசுரத்தினம், “ஏன்டா, அந்தக் கோட்டைக்குள்ள அவன் தனியா போயிருக்கக் கூடாதுல்ல?” என்று கேட்டார். அன்று அஜந்தனுக்கு டேட்டா முடியும் வரை பேச்சு முடியவில்லை.

கதைகளைவிடக் கதாநாயகர்களைப் பற்றித்தான் அவருக்கு அபிப்பிராயம் அதிகம். செவ்வாய்க்கிழமைகளில் துணிமூட்டையோடு ஏறும் ரஹ்மத்தும்மாதான் அவற்றைக் காசில்லாமல் கேட்பவர்.

“அடிக்கப் போறவன் அடியோட பேரச் சத்தமாச் சொல்லிட்டு அடிக்கிறானுங்க. இது என்ன பழக்கம்? அந்தக் காலத்துப் பெரிய கங்காணிகூடச் சொல்லிட்டு அடிக்கலயே.”

“வில்லன மன்னிச்சுட்டானாம். ஊரையே எரிச்சவன. கேட்டா, சின்ன வயசுல அவனுக்கு யாரும் சோறு போடலையாம். எனக்குந்தான் போடல. நான் எந்த ஊர எரிச்சேன்?”

“வயசே ஏறாது இவனுங்களுக்கு. எம் புள்ள மீசை முளைச்சுக் கட்டாருக்கே போயிட்டான். இவன் இன்னும் ஸ்கூல் பேக்கோட நிக்கிறான்.”

“உங்களுக்கு ஒருத்தனையும் புடிக்காதே” என்று ரஹ்மத்தும்மா பின்னாலிருந்து சொல்வார். “புடிக்காட்டி எதுக்குப் பாக்கிறீங்க?”

பிடித்த ஒருவன் இருந்தான். தொமோக்கி. தீவு தீவாகப் படகில் போய்க் கடல் பிசாசுகளோடு சண்டை போடுகிற, ஒரு காது இல்லாத சிறுவன். அந்தக் காது கதையின் தொடக்கத்திலேயே அறுந்துபோனது, பிறகு முளைக்கவேயில்லை. அதுதான் யேசுரத்தினத்தைப் பிடித்து இழுத்தது. “அடி வாங்குனா தழும்பு இருக்கணும். மத்தவனுங்க மறுநாளே பளபளன்னு வந்து நிப்பானுங்க. இவனுக்கு மழைக் காலத்துல வலிக்குது பாருங்க.” தொமோக்கி பயப்படுவான். பயந்துகொண்டே போவான். ஜப்பானியப் பெயர் நாக்கில் புரளாததால் யேசுரத்தினம் அவனைப் ‘பையன்’ என்றே சொல்வார். “பையன் இன்னைக்கு மாட்டிக்கிட்டான்”, “பையன் தப்பிச்சுட்டான்”.

பையனுக்கு என்ன ஆபத்து வந்தாலும் அவருக்குக் கலக்கமில்லை. அதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார். “தலைப்புல பேரு இருக்கிறவன யாரும் கொல்ல மாட்டாங்க. கொன்னா யார வச்சுக் கதை சொல்றது?”

சென்ற ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சந்தியில் வண்டியை நிறுத்தியிருந்தபோது புதிய அத்தியாயம் வந்தது. தொமோக்கியின் நெஞ்சில் ஈட்டி இறங்கியது. யேசுரத்தினம் அடுத்த பக்கத்தைத் தள்ளினார். பையன் நனைந்த பலகையில் கிடந்தான். அடுத்ததைத் தள்ளினார். அதே பலகை, அதே பையன், கண் திறந்தபடி. அதற்கு அடுத்து ஒன்றும் இல்லை. ‘அடுத்த வாரம் தொடரும்’ என்றுகூடப் போடவில்லை. மொழிபெயர்த்த இளைஞர்கள் ஒற்றை வரி எழுதியிருந்தார்கள்: ‘மன்னித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் கை ஓடவில்லை.’

அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. எதிரே மஹ்ரூப் கடையில் யாரோ பருப்பு வாங்குவது தெரிந்தது, பேச்சுக் கேட்கவில்லை. மரக்கறி லொறி ஓட்டும் வெலிமடைக் கஜேந்திரனுக்கு அழைப்பு எடுத்தார். அந்தக் கதையை வாசிக்கிற இன்னொரு மனிதர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

“கஜேந்திரன்... பையன் செத்துட்டான்” என்றார் சத்தமாக. “ஆமா. நெஞ்சுல குத்திட்டானுங்க. இல்ல, உசுரு இல்ல, நல்லாப் பாத்துட்டேன். இத்தன வருசம் கூடவே வச்சிருந்த மாதிரி இருந்துச்சு... என்னால முடியல. வைக்கிறேன்.”

கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டு வண்டியைக் கிளப்பினார். கைகாட்டிய இரண்டு பேரைத் தாண்டிப் போனார். கோயில் வளைவுக்கு மேலே, சவுக்கு மரங்களின் கீழ் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மழை தொடங்கியது. படுதாவை இறக்கத் தோன்றவில்லை. சொந்தத் தகப்பன் இறந்தபோது சவப்பெட்டிக்கு அலைந்த அலைச்சலில் அழ நேரமில்லாமல் போன மனிதர், அன்று மழையில் நனைந்த சீட்டில் உட்கார்ந்து அழுதார். கோட்டில் வரைந்த ஒரு பிள்ளைக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. வெட்கத்தோடு அழுதார்.

மழை விட்டபின் வீட்டுக்குத் திரும்பினார். லயத்துக்குத் திரும்பும் மண்பாதை முனையில், மூங்கில் கழியில் சாவுக்கொடியாக ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யாரோ போய்விட்டார்கள். மேல் லயத்துக் கிழவராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தார். இன்னொரு வெள்ளைத் துணி. வளைவு திரும்பியதும் ஆட்கள் தெரிந்தார்கள். அவர்கள் நின்றது மேல் லயத்தில் அல்ல. அவருடைய வாசலில்.

மதலேனா.

அவர் நெஞ்சுக்குள் வேறு பெயர் வரவில்லை. காலையில் அவர் மனைவி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனபோது மலையில் மேகம் இறங்கியிருந்தது. குளவியோ, சறுக்கலோ, மின்னலோ. என்ஜினை நிறுத்தவும் மறந்து இறங்கினார். செருப்பு ஒன்று சேற்றில் தங்கிவிட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது; அவர்கள் அப்படி விலகிய விதமே அவரைக் கொன்றது.

உள்ளே, சிமெந்துத் தரையில், கொழுந்தெடுக்க இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் மதலேனா உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் இரண்டும் உரசி இரத்தம் கசிந்திருந்தது. கையில் வீட்டுத் தொலைபேசி.

“உசுரோடதான் இருக்கியா?” என்றார் யேசுரத்தினம்.

மதலேனா நிமிர்ந்தார். “எங்கிட்ட சொல்லாம எங்கங்க போனீங்க? யாரு சொன்னா உங்களுக்கு? கம்பனியா? புள்ளய எங்க வச்சிருக்காங்க?”

“எந்தப் புள்ளய?”

வாசலில் நின்ற மஹ்ரூப் தொண்டையைச் செருமினார். “யேசு அண்ணன், நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க. பையன் செத்துட்டான், குத்திட்டாங்கன்னு. கடை வரைக்கும் கேட்டுச்சு. நான்தான் மலைக்கு ஆள் அனுப்பினேன்.”

அவர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். சந்தியிலிருந்து மலைக்குப் போன செய்தி, கங்காணி வாயால் மதலேனாவை அடைந்திருந்தது. மதலேனா கூடையைப் போட்டுவிட்டு, படிக்கட்டுப் பாதையை விட்டு, தேயிலைச் செடிகளுக்குள்ளேயே நேராக இறங்கியிருந்தார். அஜந்தனுக்கு விடாமல் அழைத்திருந்தார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை.

யேசுரத்தினத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கிய வேகத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அஜந்தன் இல்ல” என்றார். “அவனுக்கு ஒன்னுமில்ல. இது... ஃபோன்ல பாக்கிற பையன்.”

ஒருவருக்கும் புரியவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ரஹ்மத்தும்மாவின் குரல்தான் வந்தது. “படத்துல வர்ற பையனா? அந்தக் காது இல்லாதவனா?”

“ஆமா.”

“இன்னாலில்லாஹி...” என்று சாவுக்குச் சொல்லும் ஓதல் அவர் வாயில் பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் யேசுரத்தினத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். செபமாலையோடு வந்திருந்தவர்கள் அதை மடியில் மறைத்தார்கள். மஹ்ரூப் தரையைப் பார்த்தபடி நின்றார். மதலேனா மட்டும் அசையவில்லை.

“அவன் வாயால கேக்கணும்” என்றார். “அது வரைக்கும் எங்கிட்ட ஒன்னும் சொல்லாதீங்க.”

கூட்டமும் அவரோடு காத்திருந்தது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“அம்மா? அப்பான்னு நெனச்சேன்.”

மதலேனா ஸ்பீக்கரை அழுத்தி, கணவனின் பக்கம் நீட்டினார்.

“ஏன்டா எடுக்கல?” என்று யேசுரத்தினம் கேட்டார்.

“காலைல ட்யூட்டிக்கு முன்னாடியே இங்கிலீஷ்ல பாத்துட்டேன்பா. தொமோக்கி... நீங்க இன்னும் பாக்காம இருந்தா, எங் குரலக் கேட்டே கண்டுபுடிச்சுருவீங்க. அதான் எடுக்கல. பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்டா.”

“தலைப்புல பேரு இருக்குன்னு சொன்னீங்களேப்பா” என்றான் அஜந்தன். குரல் உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், யாருக்காக என்று தெரியாமலே.

துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்த சீனியிலேயே தேநீர் ஊற்றி எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. மஹ்ரூப் போகும்போது, “மன்னிச்சிக்கோங்க” என்றார். “நீங்க மன்னிக்கணும்” என்றார் யேசுரத்தினம். பாதையில் கட்டிய வெள்ளைத் துணிகளைப் போகிறவர்களே அவிழ்த்துப் போனார்கள்.

வீடு காலியானதும் மதலேனா முழங்காலைக் கழுவிவிட்டு வந்து கணவனுக்கு எதிரே உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று யேசுரத்தினம் தலையைக் குனிந்தார்.

“காட்டுங்க அந்தப் புள்ளய.”

அவர் கைபேசியைத் திறந்து கொடுத்தார். நனைந்த பலகையில் கிடந்தவனை மதலேனா வெகுநேரம் பார்த்தார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேலே தள்ளப் பார்த்தார்.

“அதுக்கு மேல இல்ல. அதோட முடிஞ்சுது.”

மதலேனா மறுபக்கம் தள்ளினார். ஈட்டி நெஞ்சிலிருந்து வெளியே வந்தது. பையன் எழுந்தான். படகு பின்னோக்கிக் கரைக்கு வந்தது. தள்ளிக்கொண்டே போனார். ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. பானையிலிருந்து ஆவி. தலையில் துணி கட்டிய ஒரு பெண் கரண்டியோடு நின்றாள்.

“இது யாரு?”

“அவன் அம்மா.”

“இவங்களுக்குத் தெரியுமா?”

யேசுரத்தினம் வாயைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கதையின் எல்லா மனிதர்களைப் பற்றியும் அவர் ஏதாவது சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

“இன்னும் சொல்லல” என்றார்.

“யாரு போய்ச் சொல்லுவா?”

“தெரியல.”

மதலேனா, தேயிலைக் கறை ஏறிய உள்ளங்கையை விரித்து, அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் வைத்து மூடினார்.