வலப்பக்கத்து ஸ்பீக்கர்

எந்த இடமானாலும் வலப்பக்கத்து ஸ்பீக்கரைத்தான் முதலில் இணைப்பேன். அதை மட்டும் ஒலிக்கவிட்டுப் பார்த்து, சரியென்றால்தான் இடப்பக்கத்துக் கேபிளைப் பையிலிருந்து எடுப்பேன். ஒருமுறை இரண்டையும் ஒன்றாகச் சொருகிவிட்டு, எந்தக் கேபிள் இரைகிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் முழித்திருக்கிறேன். அதிலிருந்து இந்தப் பழக்கம்.

விசைத்தறிகளின் மின்பலகைகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரம் மெஷின், சாம்ப்ளர், சிந்தசைசர் என்று நான்கைந்து பெட்டிகளை ஒரு மேசையில் பரப்பி, கணினி இல்லாமல் கையாலேயே இயக்கி இசை நிகழ்த்துகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு.

அன்று குமாரபாளையத்துக்கு வெளியே, ஓட்டம் நின்றுபோன ஒரு தறிப்பட்டறையில் மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஜவுளி வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். பட்டறைக்குச் சொந்தக்காரரான பெண்மணி என்னைவிடச் சில வயது மூத்தவர். தறிகள் ஓடிய காலத்தில் அவர்களுக்குப் பழுது பார்த்தவன் என்பதால் அவரை அக்கா என்றும், அவர் கணவரை மாமா என்றும்தான் கூப்பிடுவேன். சாவியைக் கொடுக்க அவரே வந்திருந்தார். கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

"மாமாவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னாங்க. இப்ப எப்படிங்க்கா இருக்குது?" என்றேன்.

"சேலத்துல ஆசுபத்திரில கெடக்கறாரு தம்பி. தலைக்குள்ள ரத்தக்கட்டியாம். தொறந்து எடுக்கோணுங்கறாங்க. எடுத்தா பொழைக்கலாமாம், இல்லீனா டேபிள்லயே போனாலும் போயிருவாராம். எடுக்காட்டி நாளு சொல்ல முடியாதாம். அஞ்சு மணிக்குள்ள நாந்தான் ஒரு வார்த்தை சொல்லோணும்."

நிகழ்ச்சியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். "வார புள்ளைங்கள எதுக்கு அலைக்கழிக்கோணும். நீங்க உங்க வேலையப் பாருங்க சாமி."

கூட வந்திருந்த அவருடைய கொழுந்தனார் லாரி வைத்திருப்பவர். மேசைமேல் நான் அடுக்கிய கேபிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, எட்டுத் தறி ஓடுன பட்டறை இது. அதுக்கே இத்தன ஒயரு இல்லீங்க. இத்தனையுஞ் சொருவுனா கடைசில என்னங்க வரும்?"

"சத்தந்தானுங்க."

"அது நம்ம வண்டில சைலென்சர் புட்டுக்கிட்டாலே வருமேங்க."

அக்காகூட ஒரு கணம் சிரித்தார். பிறகு இருவரும் வெளியே போனார்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டில் ஏழு தறிகளை விற்றுவிட்டார்கள். எட்டாவது மட்டும், அடித்தள போல்ட்டுகள் துருவேறிக் கழற்ற வராததால், பட்டறையின் நடுவே நின்றது. அதன் இரும்புச் சட்டத்தைத் தட்டி வரும் ஓசையைத் தாளத்தில் சேர்க்கலாம் என்று ஒரு சின்ன வில்லை மைக்கை அதில் ஒட்டினேன். காற்றில் வரும் ஒலியை அது கேட்காது. ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வை மட்டுமே கேட்கும். ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியளவை மெல்லக் கூட்டினேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்கட டக்கட என்று, வெகு ஆழத்திலிருந்து, சீராக.

ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன். தறி அசையாமல் நின்றது. குறுக்கே ஓடும் நாடா இல்லை, நீளவாக்கு நூலான பாவு இல்லை, மோட்டாரையே எடுத்துவிட்டிருந்தார்கள். சட்டத்தில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மீண்டும் மாட்டினால் மீண்டும் ஓடியது. இரண்டு நிமிடத்தில் காரணம் புரிந்தது. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் ஓடும் தறிகளின் அதிர்வு மண் வழியாக வந்து, அடித்தளம் ஏறி, இந்த இரும்பில் கேட்கிறது. காரணம் தெரிந்த பிறகும் அந்தத் தறிக்கு முதுகைக் காட்டி நிற்க மனம் வரவில்லை. மேசையைத் தூக்கிப் போய், சுவருக்கு முதுகைக் காட்டித் தறியைப் பார்த்து நிற்கும்படி, பின்சுவர் ஓரமாகப் போட்டேன். ஸ்பீக்கர்களையும் அங்கேயே, இரண்டு மூலைகளிலும், கதவில்லாத ஜன்னல்களுக்கு அடியில் நிறுத்தினேன்.

மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு வலப்பக்கத்து ஸ்பீக்கரை இணைத்து ஒலியளவை ஏற்றினேன். அடுத்தது ட்ரம் மெஷினையும் சாம்ப்ளரையும் ஒரே வேகத்தில் ஓட வைப்பது. சாம்ப்ளர் என்பது நாம் பதிவு செய்து வைத்த ஓசைகளைப் பொத்தானுக்கு ஒன்றாகத் திருப்பிச் சொல்லும் பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கும் வெவ்வேறு சேனல் எண் கொடுக்க வேண்டும். ஒரே எண் இருந்தால், ட்ரம் மெஷின் அடிக்கும் அடி சாம்ப்ளரின் முதல் பொத்தானையும் அழுத்திவிடும். அன்று எண்ணை மாற்ற மறந்திருந்தேன். ட்ரம் மெஷினை ஓடவிட்டேன்.

முதல் பொத்தானில் இருந்தது ஒரு பல்லி, எங்கள் பேச்சில் கவுளி. என் வீட்டுச் சமையலறைச் சுவரில் பதிவு செய்தது. கூர்மையான, சுத்தமான ஓசை என்பதால் சேர்த்திருந்தேன். வலப்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மூன்று முறை அது சொன்னது. உடனே நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் என் விரல் தானாகவே மேசையை மூன்று முறை தட்டியது. பல்லி சொன்னால் தட்டாத கை எங்கள் பக்கத்தில் கிடையாது.

என் விரல் நின்ற பிறகும் தட்டும் ஓசை கேட்டது. சுவருக்குப் பின்னாலிருந்து, மூன்று முறை.

எதிரொலியை உண்டாக்கும் பெட்டி ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தேன். அதை இன்னும் பையிலிருந்தே எடுக்கவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் ஓடவிட்டேன். பல்லி மூன்று முறை சொன்னது. இந்த முறை கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். சுவருக்குப் பின்னால் யாரோ நிதானமாக மூன்று முறை தட்டினார்கள்.

பட்டறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் அவர்களுடைய குலதெய்வம், கருப்பணார். சாமியின் முதுகு பட்டறைச் சுவரைப் பார்த்திருந்தது. எதிரே அக்காவும் கொழுந்தனாரும் கல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கன்னங்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி, கருப்பணாரு வாக்குக் குடுத்துட்டாரு. ரெண்டு மணி நேரமா உக்காந்திருந்தோம். சோத்தாங்கைப் பக்கம், ஒருக்காலுக்கு ரெண்டுக்காக் கவுளி சொல்லிருச்சு. எடுக்கச் சொல்லிப் போடறேன்."

வலப்பக்கம் சொன்னால் செய், இடப்பக்கம் சொன்னால் செய்யாதே. என் முதுகுக்குப் பின்னால், நான் பார்த்த திசையையே பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எது வலமோ அதுவே அவர்களுக்கும் வலம். இடப்பக்கத்துக் கேபிளை முதலில் எடுத்திருந்தால் அந்த மனிதருக்கு அறுவை சிகிச்சை இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "அக்கா, அது என்ற மிசினுல வந்த சத்தமுங்க" என்றேன்.

கொழுந்தனார் எழுந்தேவிட்டார். "சாமி வாக்குல போயா வெளையாடுவீங்க? முன்னாலயே தெரிஞ்சிருந்தா அந்த ஒயரையெல்லாம் அத்து எறிஞ்சிருப்பனுங்க!"

அக்கா அவரைக் கையமர்த்தினார். முந்தானையால் கன்னத்தைத் துடைத்தார். பிறகு, "எல்லாத்தையும் அமத்திட்டு வாங்க தம்பி. மறுக்கா கேக்கலாம். நீங்களுங் கூட உக்காருங்க" என்றார்.

மெயினை இறக்கினேன். எல்லாக் கேபிள்களையும் உருவி, மேசைமேல் தனித்தனியாக வைத்தேன். சாம்ப்ளரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். நாலேகாலுக்கு அவர்களோடு போய் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். சுற்றியிருந்த பட்டறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மின்வெட்டு. தறியூரில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் ஒன்றும் செய்யாது. அது நின்றால்தான் திடுக்கென்று இருக்கும். வேப்பிலை உதிர்வதுகூடக் கேட்டது. கொழுந்தனாரின் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் மருமகன். பேசிக்கொண்டே சாலைப் பக்கம் நடந்தார். அக்காவும் நானும் மட்டும் இருந்தோம்.

அப்போது சொன்னது. இடப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, பட்டறைக்குள்ளிருந்து. மூன்று முறை. ஒலி மெலிதுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. என் விரல் எழுந்தது. தொடைக்கு அடியில் வைத்து அழுத்தினேன். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தேன். அவர் சாமியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். தட்டவில்லை.

கொழுந்தனார் தூரத்திலிருந்தே கத்தினார். "அண்ணனுக்கு மூச்சு இழுக்குதாமுங்க அண்ணி! டாக்டரு உங்க வார்த்தைக்கு நிக்கறாராம்!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "சத்தத்துலயே பொழங்கற காது உங்குளுது. எதாச்சுங் கேட்டுச்சுங்களா தம்பி?"

"இல்லீங்க்கா" என்றேன்.

என்னையே பார்த்தார். "அந்த மிசினுக்குள்ள இருந்தது, அது எந்தக் கவுளி?"

"என்ற ஊட்டுக் கவுளிங்க. சமையக்கட்டுச் செவுத்துல சொன்னது."

"கவுளிதான?"

"கவுளிதானுங்க."

"அப்பச் செரி." கொழுந்தனாரிடமிருந்து போனை வாங்கினார். "எடுத்துருங்க" என்றார். ஒரே வார்த்தை.

மாலை நிகழ்ச்சி நடந்தது. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். முதல் பொத்தானைத் தொடவே இல்லை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

ஐந்து வாரம் கழித்து, பட்டறையை அடுத்திருந்த அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் காதுக்கு மேல் வளைவாகத் தையல் தழும்பு. பேச்சு கொஞ்சம் இழுத்தது, கேலி குறையவில்லை. "ஏம்ப்பா, கவுளியக் கச்சேரிக்குக் கூட்டியாந்தியாமா? அதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது அக்கா வாசல் கேட் வரை வந்தார்.

"எடப்பக்கஞ் சொன்னது எனக்குங் கேட்டுச்சுங்க தம்பி" என்றார். "கைய முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டேன். கேட்டுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மீறியிருக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

"அக்கா, நான் வேணுமின்னுதான்…" என்று ஆரம்பித்தேன்.

சட்டென்று என் கையைப் பிடித்தார். "மெதுவாப் பேசுங்க. காதுல உழுந்துரும்."

மாமாவைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பார்த்தது வீட்டுப் பக்கம் அல்ல. தோட்டத்தைத் தாண்டி, பட்டறையின் பின்னால் தெரிந்த வேப்பமரத்தை.